மை நிரப்பியும் வெள்ளைக் கோடு விழுகுது: காட்ரிட்ஜை எறியிறதுக்கு முதல் என்ன பாக்கோணும்?

நெடுங்கேணி_ரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில இருக்கிறது சின்ன இங்க்ஜெட் பிரிண்டர். கறுப்புக் காட்ரிட்ஜ் ஒண்டு, மூண்டு நிறமும் சேர்ந்த கலர்க் காட்ரிட்ஜ் ஒண்டு. விடுமுறை முழுக்கப் பாவிக்கேல்லை. இப்ப அடிச்சால் கறுப்பு எழுத்துகளுக்குக் குறுக்கால வெள்ளைக் கோடு விழுகுது. கலரில நீலம் அறவே இல்லை, படமெல்லாம் செம்மஞ்சளாய் வருகுது. கடையில குடுத்து இரண்டுக்கும் மை நிரப்பியாச்சு, அப்பவும் இதே கதைதான். பிரிண்டர் தானாய்க் கழுவிக்கொள்ளுற கிளீனிங்கும் திரும்பத் திரும்பக் குடுத்தாச்சு. புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் அடிக்கோணும். புதுசு வாங்கிறதோ, இதைத் திருத்தலாமோ?

பரந்தன்_சேர்விஸ் எழுதியது:

ரீச்சர், முதல் வேலையாய்க் கிளீனிங் குடுக்கிறதை நிப்பாட்டுங்கோ. அந்தப் பட்டனை அமத்தினால் அடைச்ச நொசில், அதாவது மை தெறிக்கிற நுண்ணிய ஓட்டை, மட்டும் கழுவுப்படும் எண்டு கனபேர் நினைக்கினம். அப்பிடி இல்லை. நல்லாய் ஓடுற நிறங்களில இருந்தும் மையை உறிஞ்சி, உள்ளுக்குள்ள இருக்கிற கழிவுப் பஞ்சில ஊத்துது. ஒரே மூச்சில மூண்டு தரத்துக்கு மேல குடுத்தால் நல்ல நொசிலுக்குள்ளயும் காத்து ஏறும். பிறகு எது அடைப்பு, எது காத்து எண்டு பிரிச்சுப் பாக்கேலாது.

இரண்டாவது, ஹெட், அதாவது நொசில் எல்லாம் இருக்கிற பாகம், எங்க இருக்கு எண்டு பாக்கோணும். காட்ரிட்ஜைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்கோ. செப்பு நிறப் புள்ளிகள் வரிசையாய் உள்ள பட்டையும், அடியில நீட்டான சின்னத் தகடும் இருந்தால் ஹெட் காட்ரிட்ஜோடயே வருகுது. எச்.பி. 680, 682, கெனன் பிஜி-745, சிஎல்-746 எல்லாம் இந்த வகை. ஹெட் பழுதானாலும் காட்ரிட்ஜை மாத்தினால் முடிஞ்சுது. எப்சன் எல் வரிசையில ஹெட் பிரிண்டருக்குள்ளயே பொருத்தியிருக்கும். அதுக்கு வைத்தியம் வேற.

மூண்டாவது, எந்த நொசில் வேலை செய்யேல்லை எண்டு காட்டுற நொசில் செக் தாள் ஒண்டு அடிச்சு, என்ன தெரியுது எண்டு இங்க எழுதுங்கோ. அடுத்தடுத்து இரண்டு தாள் அடியுங்கோ. இரண்டையும் பக்கத்தில வைச்சு, வெள்ளை இடைவெளி அதே இடத்தில விழுகுதோ, இடம் மாறுதோ எண்டு பாருங்கோ. அதில முக்கால்வாசி விடை கிடக்கு.

நெடுங்கேணி_ரீச்சர் எழுதியது:

நன்றி தம்பி. செப்புப் பட்டை இருக்கு, நீங்கள் சொன்ன முதல் வகைதான். இரண்டு தாளையும் வைச்சுப் பாத்தன். கறுப்புக் கட்டத்தில இடைவெளி முதல் தாளில மேல் பக்கம், இரண்டாவதில நடுவில. ஒரு பக்கம் முழுக்க எழுத்து அடிச்சால் தொடக்கம் வடிவாய் இருக்கு, அரைவாசிக்குப் பிறகு மங்குது, கொஞ்சம் ஆறவிட்டால் திரும்ப வருகுது. நீலக் கட்டம் இரண்டிலயும் வெறுமையாய்க் கிடக்கு. சிவப்பும் மஞ்சளும் முழுசாய் இருக்கு.

பரந்தன்_சேர்விஸ் எழுதியது:

அப்ப உங்களிட்ட இரண்டு வேற வேற பழுது. இரண்டுக்கும் ஒரே மருந்து குடுத்தபடியால்தான் ஒண்டும் சரிவரேல்லை.

கறுப்பு: இடைவெளி இடம் மாறுது, அரைத் தாளுக்குப் பிறகு மங்குது, ஆறவிட்டால் திரும்புது. இது அடைப்பே இல்லை. மை போற வேகத்துக்கு உள்ளுக்குக் காத்து வரேல்லை. காட்ரிட்ஜுக்குள்ள ஸ்பொஞ்ச் இருக்கு. மை கீழால போகப்போக மேலால காத்து வந்து அந்த இடத்தை நிரப்போணும். அதுக்கு மூடியில சின்னத் துளையும், ஸ்ரிக்கருக்குக் கீழ வளைஞ்சு போற மெல்லிய பள்ளமும் வைச்சிருக்கினம். மை நிரப்பினவை துளைக்கு மேல ரேப்பை இறுக்கி ஒட்டி விட்டிருப்பினம். உள்ளுக்குள்ள வெற்றிடம் உண்டாகி மை கீழ வராமல் நிண்டுவிடும்.

நீலம்: எப்பவும் ஒரே இடம், முழுசாய் இல்லை. இதுக்கு மூண்டு காரணம் இருக்கலாம். மை காய்ஞ்சு அடைச்சிருக்கும், அல்லது அந்த அறைக்கு மை போகவேயில்லை, அல்லது மின் தொடர்பு இல்லை. இதைப் பிரிக்க ஈரத் தாள் சோதனை செய்யுங்கோ. டிஷ்யூவை நாலாய் மடிச்சு, சொட்டாத அளவுக்கு ஈரமாக்கி, ஒரு தட்டில வையுங்கோ. காட்ரிட்ஜின்ர அடித் தகட்டை அதுக்கு மேல நேராய் வைச்சு ஒரு நிமிசம் மெல்லமாய் அமத்துங்கோ. இழுக்கக் கூடாது, இழுத்தால் நிறம் கலந்துவிடும். தூக்கிப் பாத்தால் மூண்டு கோடு தெரியோணும்: நீலம், சிவப்பு, மஞ்சள்.

நீலக் கோடு நல்ல அழுத்தமாய் வந்தால் மை ஓடுது, பழுது மின் பக்கம். மெல்லிசாய்ப் புகை மாதிரி வந்தால் அடைப்பு. ஒண்டுமே வராட்டி முழு அடைப்பு, இல்லாட்டி அறை காலி. நீலம் வரவேண்டிய இடத்தில ஊதா, பச்சை, மண்ணிறம் வந்தால் நிரப்பேக்க அளவுக்கு மேல ஊத்தி நிறம் கலந்துபோச்சு. சுத்த நீலம் வரும்வரை புதுப் புது டிஷ்யூவில ஒத்தி எடுக்கோணும்.

மல்லாவி_கொமியூனிக்கேஷன் எழுதியது:

கறுப்புக்கு அண்ணை சொன்னது சரி. ரேப்பை முழுக்க உரிக்க வேண்டாம், மை வெளியால தெறிக்கும். மெல்லிய குண்டூசியால மூடித் துளைக்கு நேராய் ரேப்பில ஒரு குத்து, அவ்வளவுதான். பெரிய ஓட்டை போட்டால் மை கெதியாய்க் காயும்.

இனி வீட்டில நிரப்புறவைக்குச் சில விசயம் சொல்லுறன்.

இந்தச் சின்னக் காட்ரிட்ஜுகளில கறுப்புக்கு 4, 5 மி.லீ. தாராளம். கலரில ஒரு அறைக்கு 1.5 மி.லீ., கூடிப்போனால் 2. பத்து மி.லீ. சிரிஞ்சில மையை நிரப்பி, இடம் இருக்கு எண்டு தள்ளுறதுதான் பெரிய பிழை. கலர்க் காட்ரிட்ஜில மூண்டு அறைக்கும் இடையில மெல்லிய சுவர்தான் இருக்கு. ஒண்டு நிரம்பி வழிஞ்சால் மற்றதுக்குள்ள போகும்.

எந்தத் துளை எந்த நிறம் எண்டு படம் பாத்து நம்பாதேங்கோ, மொடலுக்கு மொடல் மாறும். ஒவ்வொரு துளைக்குள்ளயும் புதுப் பல்லுக்குச்சியை விட்டு எடுத்து வெள்ளைத் தாளில தொட்டுப் பாருங்கோ. நிறம் தெரிஞ்ச பிறகு சிரிஞ்சைத் தொடுங்கோ. நிறத்துக்கு ஒரு சிரிஞ்ச்.

ஊசியை ஸ்பொஞ்சுக்குள்ள அடிவரை இறக்கி, ஒரு மி.லீ. போக பதினைஞ்சு செக்கன் எடுக்கிற வேகத்தில விடுங்கோ. வேகமாய்த் தள்ளினால் ஸ்பொஞ்சுக்குள்ள காத்துக் குமிழ் சிறைப்பட்டு, நிரப்பின அண்டைக்கே கோடு விழும். துளை வாயில மை மினுங்கினால் நிப்பாட்டி, அரை மி.லீ. திருப்பி இழுங்கோ. பிறகு அடித் தகடு கீழ இருக்க மடிச்ச டிஷ்யூவில பத்து நிமிசம் நிமித்தி வையுங்கோ. அதுக்குப் பிறகும் சொட்டுச் சொட்டாய் விழுந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கோணும். சொட்டுற காட்ரிட்ஜைப் பிரிண்டருக்குள்ள போட்டால் செப்புத் தொடர்பு எல்லாம் மையாகி வேற பழுது தொடங்கும்.

மை போத்தலைக் குலுக்காதேங்கோ, நுரைக்கும். இரண்டு மூண்டு தரம் மெல்லமாய்க் கவிழ்த்து நிமித்தினால் காணும்.

துணுக்காய்_வாசகன் எழுதியது:

அடைப்புக்குக் கொதிதண்ணியில ஒருக்கா முக்கி எடுத்தால் சரி எண்டு சொல்லுகினமே? கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சுப் பாவிக்கலாமோ?

பரந்தன்_சேர்விஸ் எழுதியது:

இரண்டும் கூடாது. தகட்டை ஒட்டியிருக்கிற பசை கொதிதண்ணியில இளகி, தகடு விலகும். கை பொறுக்கிற சூடு, 50 பாகை அளவு, அதுக்கு மேல வேண்டாம்.

கிணத்துத் தண்ணி இன்னும் மோசம். எங்கட பக்கத்துத் தண்ணியில சுண்ணாம்பு எவ்வளவு எண்டு கேத்திலின்ர அடியில படியிற வெள்ளைப் படையைப் பாத்தால் தெரியும். கொதிக்க வைச்சால் உப்பு முழுக்கப் போகாது. நொசில் ஓட்டை தலைமயிரை விடச் சின்னன். தண்ணி காய, அந்த வெள்ளைப் படை அதுக்குள்ளயும் படியும். மையால வந்த அடைப்பைத் தண்ணியால கரைக்கலாம், சுண்ணாம்பால வந்ததைத் தண்ணியால கரைக்கேலாது.

கராச்சுகளிலயும் எண்ணெய் நிலையங்களிலயும் விக்கிற பற்றறித் தண்ணி வாங்குங்கோ, அது உப்பு நீக்கின தண்ணி. ஆனா லேபிளை வாசிச்சு வாங்குங்கோ, பற்றறி அசிட் வேற போத்தல். பாமசியில ஊசிமருந்து கலக்கிற தண்ணி கிடைச்சால் அதுவும் நல்லது.

செய்யிற முறை: தட்டையான மூடி ஒண்டில 3 மி.மீ. உயரத்துக்கு அந்தத் தண்ணியை இளஞ்சூடாய் ஊத்துங்கோ. காட்ரிட்ஜின்ர அடித் தகடு மட்டும் நனையிற மாதிரி நிமித்தி வையுங்கோ. செப்புப் பட்டை தண்ணியில படக்கூடாது. பத்து நிமிசம். தண்ணிக்குள்ள நீலம் நூல் நூலாய் இறங்குறதைக் கண்ணால காணலாம். அது தொடங்கினால் அடைப்பு இளகுது எண்டு அர்த்தம். எடுத்து, காய்ஞ்ச டிஷ்யூவில நேராய் ஒரு நிமிசம் ஒத்துங்கோ. திரும்ப ஈரத் தாள் சோதனை. இன்னும் மெல்லிசு எண்டால் ஈர டிஷ்யூவில நிமித்தி, மேலால பொலித்தீன் மூடி, இரவு முழுக்க விடுங்கோ.

வவுனியா_மைக்கூடு எழுதியது:

ஒரு சேர்க்கை. செப்புத் தொடர்பைத் துடைப்பதற்கு ஐசோபுறோப்பைல் அல்லது பாமசி ஸ்பிரிட் போதும். காதுக் குச்சியில் தொட்டு, காட்ரிட்ஜின் பட்டையையும், பிரிண்டருக்குள் அதற்கு எதிரே உள்ள சிறிய முள் வரிசையையும் துடைக்க வேண்டும். முட்கள் வளையாதபடி மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். பஞ்சு நூல் அதில் சிக்கி நின்றாலும் தொடர்பு விடுபடும். டோர்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பெற்றோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றை எந்தப் பாகத்திலும் தொடவே கூடாது. பிளாஸ்டிக் கரையும்.

நொசில் தகட்டுக்கு ஸ்பிரிட் வேண்டாம் என்பது என் கருத்து. மை நீரில் கரையும் பொருள், நீராலேயே இளகும். ஸ்பிரிட் பட்டால் சில கறுப்பு மை திரண்டு இன்னும் இறுகும்.

அந்தக் கறுப்பு மை பற்றியும் சொல்ல வேண்டும். எச்.பி. 680 கறுப்பு பிக்மென்ட் மை. அதாவது நிறம் மிக நுண்ணிய துகளாக நீரில் மிதக்கிறது. கலர் மூன்றும் டை மை, முழுதாகக் கரைந்தது. கெனன் ஜி 2010 போன்ற, காட்ரிட்ஜுக்குப் பதிலாக மைத் தாங்கி உள்ள பிரிண்டர்களிலும் இதே ஏற்பாடுதான்: கறுப்பு பிக்மென்ட், கலர் டை. எப்சன் எல் 3110, எல் 3250 இரண்டிலும் 003 மை, நான்கு நிறமும் டை. இதை மாற்றி ஊற்றுவதால் வரும் பழுது ஏராளம். டை ஹெட்டுக்குள் பிக்மென்ட் ஊற்றினால் அடைப்பு வரும். பிக்மென்ட் இருந்த கறுப்புக் காட்ரிட்ஜில் டை ஊற்றினால் பிரிண்ட் வரும். ஆனால் ஈரக் கை பட்டாலே எழுத்துக் கரையும். வினாத்தாளுக்குப் பரவாயில்லை. கிராம சேவையாளரிடம் கொடுக்கும் படிவம், காணிப் பத்திரப் பிரதி போன்றவற்றை டைக் கறுப்பில் அடிக்காதீர்கள். மை நிரப்பக் கொடுக்கும்போது “இது பிக்மென்டா, டையா” என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

விசுவமடு_தம்பி எழுதியது:

அண்ணை, இந்த இழையிலயே கேக்கிறன். எங்களிட்ட இருக்கிறது தாங்கி வைச்ச பிரிண்டர், ஹெட் உள்ளுக்கு. கறுப்பு அரைவாசி இல்லை. கிளீனிங் குடுத்தால் இன்னும் குறையுது. பவர் கிளீனிங் எண்டு ஒண்டு கிடக்கு, அதைக் குடுக்கவோ?

பரந்தன்_சேர்விஸ் எழுதியது:

பொறுங்கோ தம்பி. கிளீனிங் குடுக்கக் குறையுது எண்டுறதுதான் முக்கியமான தடயம். ஹெட் அடைப்பெண்டால் கிளீனிங்கால கொஞ்சமாவது கூடும், இல்லாட்டி அப்பிடியே நிக்கும். குறைஞ்சுகொண்டு போகுது எண்டால் உறிஞ்சுற பக்கத்தில பழுது. பவர் கிளீனிங் குடுத்தால் கன மை வீணாய்ப் போகும், பழுது அப்பிடியே இருக்கும்.

முதல்ல தாங்கியைப் பாருங்கோ. மை கீழ்க் கோட்டுக்குக் கீழ போயிருந்தால் குழாய்க்குள்ள காத்து ஏறியிருக்கும். ஹெட்டுக்குப் போற மெல்லிய குழாய்களை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. மைக்கு நடுவில வெள்ளை இடைவெளி துண்டு துண்டாய்த் தெரியும். எல் 210 மாதிரிப் பழைய சிலதில பக்கத்தில போக்குவரத்துப் பூட்டு ஒண்டு இருக்கு. வீடு மாறேக்க பூட்டிப்போட்டுத் திறக்க மறந்தால் மையே வராது.

அது சரியெண்டால் மூடிச் சோதனை செய்யுங்கோ. பிரிண்டரைப் போட்டு, ஹெட் நகரத் தொடங்கின உடன பிளக்கை இழுங்கோ. இப்ப ஹெட்டைக் கையால மெல்லமாய் இடப்பக்கம் தள்ளலாம். வலப்பக்கம், ஹெட் வழமையாய் நிக்கிற இடத்தில, நாலு பக்கமும் ரப்பர் விளிம்பு வைச்ச சின்னப் பெட்டி தெரியும், உள்ளுக்குப் பஞ்சு. அதுதான் மூடி. பிரிண்டர் நிக்கேக்க ஹெட்டைக் காயாமல் பொத்தி வைக்கிறதும் அதுதான், கிளீனிங் நேரம் கீழால உறிஞ்சுறதும் அதுதான். ரப்பர் விளிம்பு ஹெட்டோட ஒட்டாட்டி பம்ப் மைக்குப் பதிலாய்க் காத்தைத்தான் இழுக்கும்.

விளிம்பைக் கிட்ட வைச்சுப் பாருங்கோ. காய்ஞ்ச மைக் கட்டி, கிரவல் றோட்டுப் புழுதி, செத்த எறும்பு, ஒரு மயிர், இதில ஏதாவது குறுக்கால கிடந்தாலே உறிஞ்சல் போச்சு. பற்றறித் தண்ணியில நனைச்ச காதுக் குச்சியால நாலு விளிம்பையும் துடையுங்கோ. பிறகு சிரிஞ்சால 2 மி.லீ. பற்றறித் தண்ணியை அந்தப் பெட்டிக்குள்ள விடுங்கோ. பிளக்கைப் போட்டு ஒரு கிளீனிங் குடுத்திட்டு, திரும்ப அதே மாதிரி ஹெட்டைத் தள்ளிப் பாருங்கோ. தண்ணி இறங்கியிருந்தால் பம்ப் நல்லம், பழுது விளிம்பில இருந்திருக்கு. தண்ணி அப்பிடியே நிண்டால் மூடிக்குக் கீழ போற குழாய் அடைச்சிருக்கு, இல்லாட்டிக் கழண்டிருக்கு. குழாய் அடைப்பை மூடியின்ர அடித் துளைக்குள்ள சிரிஞ்சால இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு இளக்கலாம். அழுத்தித் தள்ளக் கூடாது, கழண்டுவிடும்.

எல்லாம் சரி, அப்பவும் இடைவெளி ஒரே இடத்தில எண்டால்தான் அது ஹெட் அடைப்பு. மூடிக்குள்ள 2 மி.லீ. தண்ணி விட்டு, ஹெட்டை அதுக்கு மேல கொண்டுவந்து நிப்பாட்டி இரவு முழுக்க ஊற விடுங்கோ. எப்சன் கையேடும் இப்பிடித்தான் சொல்லுது: நொசில் செக்கும் கிளீனிங்கும் மூண்டு தரம் செய்து சரிவராட்டி 12 மணித்தியாலம் ஒண்டும் அடிக்காமல் விடு, பிறகு திரும்பச் செய், அதுக்கும் சரிவராட்டிப் பவர் கிளீனிங். அதைக் குடுக்கேக்க தாங்கி ஒவ்வொண்டிலயும் மூண்டில ஒரு பங்குக்குக் குறையாமல் மை இருக்கோணும், இல்லாட்டிக் காத்தை இழுக்கும்.

துணுக்காய்_வாசகன் எழுதியது:

கழிவுப் பஞ்சு எண்டு தொடக்கத்தில சொன்னீங்கள். அது நிரம்பினால் என்ன நடக்கும்? ரீசெட் மென்பொருள் போட்டால் சரி எண்டு கேள்விப்பட்டன்.

மல்லாவி_கொமியூனிக்கேஷன் எழுதியது:

பிரிண்டர் பஞ்சை நேரில பாக்கிறேல்லை, எவ்வளவு மை போயிருக்கும் எண்டு கணக்கு வைச்சிருக்குது. கணக்கு முடிஞ்சால் நிப்பாட்டிவிடும். கெனன் எம்ஜி 2500 வரிசையில ஈ08 எண்டால் நிரம்பப் போகுது, பி07 எண்டால் நிரம்பிட்டுது. எப்சனில சிவப்பு விளக்குகள் மினுங்கும், திரையில பஞ்சு ஆயுள் முடிஞ்சுது எண்டு வரும்.

ரீசெட் அந்தக் கணக்கை மட்டும் பூச்சியமாக்கும். பஞ்சுக்குள்ள மை அப்பிடியேதான். மாத்தாமல் ரீசெட் பண்ணிக்கொண்டு போனால் ஒருநாள் மேசைக்கு மேல மை ஓடும், மின் பலகையிலயும் படலாம். பஞ்சை எடுத்துக் கழுவி, நல்லாய் வெயிலில காயவிட்டு, அல்லது புதுசு போட்டு, பிறகு ரீசெட். ரீசெட் மென்பொருளை எங்கயாவது கிடைச்ச இணைப்பில இறக்காதேங்கோ, வைரஸோட வாறது கூட.

இன்னொண்டு. மை நிரப்பின பிறகும் “மை முடிஞ்சுது” எண்டு காட்டினால் பயப்பிடாதேங்கோ. இந்த வகைக் காட்ரிட்ஜ் உள்ளுக்குள்ள மை இருக்கோ எண்டு அளக்கிறேல்லை, அடிச்ச புள்ளிகளை எண்ணுது. எச்.பி.யில சரி எண்டு அமத்தித் தொடரலாம். கெனனில ஈ13, ஈ16 வந்தால் நிறுத்து பட்டனை 5 செக்கனுக்கு மேல அமத்திப் பிடிச்சு விட்டால் அந்தக் காட்ரிட்ஜுக்கு மை காட்டுறதை நிப்பாட்டி வேலை செய்யும். அதுக்குப் பிறகு மை எவ்வளவு எண்டு நீங்கள்தான் பாக்கோணும்.

வவுனியா_மைக்கூடு எழுதியது:

அந்தக் கடைசி வரியை எல்லோரும் கவனியுங்கள். எச்.பி., கெனன் ஹெட்டுகள் மையைச் சூடாக்கிக் குமிழ் உண்டாக்கித்தான் துளியைத் தள்ளுகின்றன. அந்தச் சூட்டை ஆற்றுவதும் மைதான். மை இல்லாமல் தொடர்ந்து அடித்தால் உள்ளே இருக்கும் சூடாக்கிகள் எரிந்துபோகும். அதன் பிறகு எத்தனை தரம் ஊறவைத்தாலும் வராது. ஈரத் தாளில் நிறம் நன்றாக வந்து, தொடர்புகளும் சுத்தமாக இருந்து, பிரிண்டில் மட்டும் வரவில்லை என்றால் அதுதான் எரிந்த ஹெட். அப்போதுதான் காட்ரிட்ஜை எறிய வேண்டும். எழுத்து மங்கத் தொடங்கிய உடனே நிறுத்துங்கள். எப்சன் ஹெட் அழுத்தத்தால் வேலை செய்வதால் இப்படி எரியாது, ஆனால் காற்று ஏறும்.

எச்.பி. காட்ரிட்ஜை வேறு பிரிண்டரில் போட்டுச் சோதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காட்ரிட்ஜ் பாதுகாப்பு என்ற அமைப்பு இயங்கினால், முதலில் போட்ட பிரிண்டரோடு காட்ரிட்ஜ் பூட்டப்பட்டுவிடும். மற்றதில் போட்டால் ஏற்காது. அது பழுது இல்லை.

விசுவமடு_தம்பி எழுதியது:

மூடி விளிம்பில காய்ஞ்ச மை கட்டியாய் இருந்தது. துடைச்சுத் தண்ணி விட்டன், இறங்கிச்சுது. ஒரு கிளீனிங்கோட கறுப்பு முழுசாய் வந்திட்டுது. நன்றி அண்ணை. ஏன் இப்பிடிக் காயுது? பிரிண்டர் மூடித்தான் இருந்தது.

பரந்தன்_சேர்விஸ் எழுதியது:

பிரிண்டரை எப்பிடி நிப்பாட்டுறீங்கள் எண்டு பாருங்கோ. பிரிண்டரின்ர பட்டனை அமத்தினால்தான் ஹெட் வலப்பக்கம் போய் மூடிக்கு மேல இறுகும். சுவரில இருக்கிற சுவிட்சை நேராய் நிப்பாட்டினால், அடிச்சுக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால், ஹெட் நடுவழியில திறந்தபடி நிக்கலாம். கரண்ட் வந்த உடன ஒருக்காப் போட்டு, பட்டனால நிப்பாட்டுங்கோ. இரவு முழுக்கத் திறந்து கிடக்க விடக்கூடாது.

வன்னியில ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில சோளகம் எண்டுற தென்மேல் காத்து அடிக்கேக்க ஈரம் குறைவு, புழுதி கூட. யன்னலுக்கு நேராயும் பாங்காவுக்குக் கீழயும் வைக்காதேங்கோ. பாவிக்காத நேரம் துணியால மூடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா நாலு நிறமும் உள்ள சின்னப் படம் ஒண்டு அடியுங்கோ, அரைத் தாள் காணும். அதுக்குப் போற மை ஒரு கிளீனிங்குக்குப் போறதை விடக் குறைவு. கறுப்பு மட்டும் அடிக்கிற வீடுகளில கலர்க் காட்ரிட்ஜ்தான் முதல்ல சாகிறது.

மாரியில நேர் எதிர். ஹெட் காயாது, தாள் ஈரமாகும். எழுத்தின்ர விளிம்பு பரவினால், தாள் இரண்டு மூண்டாய்ச் சேர்ந்து போனால், காட்ரிட்ஜில பிழை தேடாதேங்கோ. தாளைக் கட்டோட பொலித்தீனில போட்டு வையுங்கோ, தேவையானதை மட்டும் எடுத்துத் தட்டில போடுங்கோ.

நெடுங்கேணி_ரீச்சர் எழுதியது:

கறுப்பு ரேப்பில குண்டூசியால குத்தின உடனயே சரி. பக்கம் முழுக்க ஒரே கறுப்பு. நீலம் ஈரத் தாளில மெல்லிசாய்த்தான் வந்தது. ஊறவைச்ச பிறகு இப்ப நொசில் செக்கில இரண்டு மெல்லிய கோடு மட்டும் குறையுது. அது இடம் மாறேல்லை. இன்னும் ஊறவைக்கவோ? இன்னொண்டு, நிலைக்குத்துக் கோடுகள் இரட்டையாய்த் தெரியுது. அட்டவணை அடிச்சால் கட்டத்தின்ர கரை நேராய் இல்லை.

பரந்தன்_சேர்விஸ் எழுதியது:

அந்த இரண்டு நொசிலை இப்ப விடுங்கோ ரீச்சர். சாதாரண தரத்தில ஹெட் குறைஞ்ச தடவைதான் ஓடும், அதால குறை தெரியும். தரத்தை உயர்வு எண்டு மாத்தினால் ஒரே இடத்துக்கு மேலால பல தடவை ஓடி மற்ற நொசில் அதை மூடிவிடும். மை கொஞ்சம் கூடப் போகும், நேரமும் கூட எடுக்கும். ஆனா நீலப் படம் உள்ள பக்கத்துக்கு மட்டும்தானே. வினாத்தாளின்ர மற்றப் பக்கங்களைக் கறுப்பு மட்டும் எண்டு தெரிவுசெய்து சாதாரண தரத்தில அடியுங்கோ.

இரட்டைக் கோடு ஹெட் அடைப்பு இல்லை. காட்ரிட்ஜைக் கழட்டிப் போட்டபடியால் இடம் கொஞ்சம் விலகியிருக்கு. ஹெட்டின்ர இடத்தைச் சரிசெய்யிற அலைன்மென்ட் தாள் அடிச்சு, ஸ்கேன் கண்ணாடியில அடிச்ச பக்கம் கீழ இருக்க, மூலையில இருக்கிற அம்புக்குறிக்குப் பொருத்தி வைச்சு ஸ்கேன் குடுங்கோ. அதுக்கு முதல் கண்ணாடியைத் துடையுங்கோ, மைக் கறை இருந்தால் அளவு பிழைக்கும்.

அதுக்குப் பிறகும் கரை நெளிஞ்சால் மூடியைத் திறந்து பாருங்கோ. ஹெட் ஓடுற பாதைக்குப் பின்னால, இடமிருந்து வலம், கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒண்டு இழுத்துக் கட்டியிருக்கும். ஹெட் எங்க நிக்குது எண்டு அதில உள்ள நுண்ணிய கோடுகளை வைச்சுத்தான் பிரிண்டர் கண்டுபிடிக்குது. அதில புழுதியோ விரல் அடையாளமோ கிரீசோ பட்டால் ஹெட்டுக்கு இடம் தப்பும், சிலவேளை போய் இடிக்கும். பிளக்கைக் கழட்டிப்போட்டு, பற்றறித் தண்ணி தொட்ட மெல்லிய துணியை இரண்டாய் மடிச்சு நாடாவை நடுவில விட்டு, ஒரு முனையில இருந்து மற்ற முனைக்கு மெல்லமாய்க் கொண்டு போங்கோ. இழுக்க வேண்டாம், இரண்டு பக்கமும் கொளுவியில மாட்டியிருக்கு, கழண்டால் திரும்பப் போடுறது கரைச்சல். காய்ஞ்ச துணியால ஒருக்கா ஒத்திவிட்டு அலைன்மென்டைத் திரும்பக் குடுங்கோ.